கெர்லிண்டேயின் கை

கெர்லிண்டே ஹேஃபெலேயை எங்கள் ஆல்ப் மேட்டில் எல்லாருக்கும் தெரியும். முகம் தெரியாதவர்களுக்கும் அவள் ஓட்டும் ஆரஞ்சு நிற லாரியைத் தெரியும். குளிர்காலத்தில் ஷ்டைன்லோவிலிருந்து பள்ளத்தாக்கு ஊருக்கு இறங்கும் கொண்டை ஊசிச் சாலையில், பள்ளிக்கூட பஸ் கிளம்புவதற்கு முன்னே பனியை ஒதுக்கி உப்புத் தூவி வைப்பது அவள் வேலை. கோடை வந்தால் அதே லாரியில் புல்வெட்டியை மாட்டிக்கொண்டு சாலையோரத்தை மொட்டையடித்துவிட்டுப் போவாள்.

ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். அகன்ற தோள், ஒட்ட வெட்டிய நரைமுடி, அடித்தொண்டையிலிருந்து வரும் சிரிப்பு. லாரியில் அவளுக்கு வலப்பக்கம் லிவர்கள் வரிசையாக நிற்கும். பனித்தகட்டைத் தூக்க ஒன்று, இடம் வலமாகத் திருப்ப ஒன்று, உப்புக்கு ஒன்று. இருபது வருஷத்துக்கும் மேலாக அவள் குனிந்து அவற்றைப் பார்த்ததே இல்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகும் ஊவே இதை ஊரெல்லாம் சொல்லித் திரிவான்.

“அவ கண்ணு ரோட்டுல இருக்கும். கைக்குன்னு தனியா ரெண்டு கண்ணு வச்சிருக்கா.”

அவளுக்கும் அதில் பெருமைதான். வேறு எதிலும் அவள் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை.

எஞ்சின் இல்லாத விமானம் ஓட்டும் எங்கள் கிளைடர் சங்கத்துக்கு அவள் வந்தது புல் வெட்டுவதற்காக. விமானத் திடலின் மேற்குக் கோடியில் சாலை ஒட்டி ஓடுகிறது. அங்கேதான் நான் வின்ச் இயக்குவேன். பெரிய எஞ்சின், அதன் முன்னே இரும்பு உருளை, நான் உட்காரக் கம்பிவலை போட்ட ஒரு கூண்டு. திடலின் எதிர்க் கோடியில் நிற்கும் கிளைடரைக் கம்பியால் இழுத்தால், நூல் கட்டிய பட்டம் போல அது எழும்பும். உச்சியில் கம்பியைக் கழற்றிவிட்டுத் தன் பாட்டுக்குப் போகும். ஒரு சனிக்கிழமை அவள் லாரியை ஓரங்கட்டிவிட்டு என் கூண்டுப் பக்கம் வந்தாள்.

“ஏம்ப்பா, மேல போறது சரி. எஞ்சினும் இல்ல. அப்புறம் எது தாங்கிப் பிடிக்குது?”

“காத்து.”

“காத்து இல்லேன்னா?”

“கீழ வரவேண்டியதுதான். எல்லாரும் ஒரு நாள் கீழதான் வரணும்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “உன்கிட்ட கேட்டேன் பாரு,” என்றாள். ஆனால் போகவில்லை. அன்று மாலைவரை கூண்டில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்த நேரத்தில் எந்த லிவரை எவ்வளவு தள்ளுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் ஒரு தட்டு நிறைய வெங்காயக் கேக்கோடு வந்து, சேர்ந்துகொள்வதாகச் சொன்னாள்.

அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் மோரிட்ஸ். அவள் மகன் வயது இருக்கும். ஊரில் பல் கட்டும் கூடத்தில் வேலை. சனி ஞாயிறு முழுக்கத் திடலில். அவளைவிட அவன்தான் பயந்த சுபாவம். எதையும் மூன்று தடவை சரிபார்ப்பான். அதை வைத்து அவள் அவனைச் சீண்டிக்கொண்டே இருப்பாள். “உன்கிட்ட பல்லு கட்டிக்கிறவன் பாவம்டா. அவன் வாயத் தொறந்து வச்சே கெழவனாயிடுவான்.”

இரண்டு பேர் உட்காரும் கிளைடரில் அவள் முதன்முதலாகத் தனியாகப் பறந்து இறங்கிய அன்று, எங்கள் வழக்கப்படி அத்தனை பேரும் வரிசையில் நின்று அவள் பின்பக்கத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினோம். காற்று மேலே தூக்குவதை அந்த இடம்தான் முதலில் உணரும், அதனால் அதைத் தட்டி எழுப்ப வேண்டும் என்பது கணக்கு. அதே வழக்கப்படி நாங்கள் கொடுத்த முள்செடிக் கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில், விமானம் நிறுத்தும் ஹாங்கரின் தகரம் அதிர்ந்தது. அவள் கணவன் வில்லி மட்டும் ஓரமாக நின்று, “எனக்கு மத்தியானம் சாப்பாடு கிடைக்குமா கிடைக்காதா?” என்றான்.

மறு வருஷம் மே மாதம். கடுகுச்செடி வயல்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. அன்று அவளை முதல்தடவையாக ஒற்றை இருக்கைக் கிளைடரில் அனுப்புவதென்று மோரிட்ஸ் முடிவு செய்திருந்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கிளைடரை மேலே வைத்திருப்பதைவிடக் கீழே கொண்டுவருவதுதான் சிரமம். அது மிதக்கவே செய்யப்பட்டது. பைலட்டின் இடக்கைப் பக்கம் ஒரு நீல லிவர் இருக்கும். அதைப் பின்னால் இழுத்தால் இரண்டு இறக்கைகளின் மேலும் தகடுகள் எழுந்து நிற்கும். அப்போதுதான் அது மிதப்பதை விட்டு இறங்கும். இழுக்காவிட்டால் ஓர் ஆள் உயரத்தில்கூட அது தரையைத் தொடாமல் போய்க்கொண்டே இருக்கும். அவள் பழகிய இரட்டை இருக்கையில் இடப்பக்கம் அந்த ஒரு லிவர்தான் பெரிது. ஒற்றை இருக்கையில் அதற்குக் கீழே கறுப்பாக இன்னொன்று உண்டு, சக்கரத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ள.

மோரிட்ஸ் அதை விட்டுவிடவில்லை. அதற்கு முந்தைய புதன்கிழமை மாலை, ஹாங்கரில் அவளை அந்தக் கிளைடரில் உட்காரவைத்துக் கண்ணைத் துணியால் கட்டினான். “நீலம்,” “சக்கரம்,” “கம்பி விடுறது,” என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டான். அவள் கை ஒரு தடவைகூடத் தப்பவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இன்னும் ஒரு சுற்று என்று அவன் சொன்னபோது அவள் கட்டை அவிழ்த்தாள்.

“போதும்டா. எனக்கு லிவரு சொல்லித் தர்றியா?”

சனிக்கிழமை கிளம்பும்போதும் அவன் குனிந்து சொன்னான். “சக்கரத்த மட்டும் தொடாத. இன்னைக்கு அது வெளியிலயே இருக்கட்டும். ஒரு வேலை கம்மி.”

“சரி சரி. மூடியச் சாத்து. வேர்க்குது.”

நான் கம்பியை இழுத்தேன். நன்றாக ஏறினாள். உச்சியில் கழற்றிக்கொண்டாள். கால்மணி நேரம் போல மேலே சுற்றினாள். கீழிருந்து பார்க்க அழகாக இருந்தது. பிறகு திடலுக்குப் பக்கவாட்டில் வந்து வயர்லெஸ்ஸில் சொன்னாள்: “கெர்லிண்டே. இறங்க வர்றேன். சக்கரம் வெளிய.” குரலில் பதற்றமே இல்லை.

கிழக்குக் கோடிக்கு அப்பால் திரும்பி, திடலுக்கு நேராக, என்னை நோக்கி முகம் வைத்தாள். உயரம் சரியாக இருந்தது. இப்போது இறக்கைத் தகடுகள் எழ வேண்டும். காத்திருந்தேன். எழவில்லை.

சிலர் கொஞ்சம் தாமதமாக இழுப்பார்கள். நான் மனசுக்குள் அவளை இழுக்கச் சொன்னேன். அவள் வழுவழுப்பான இறக்கையோடு வந்துகொண்டிருந்தாள். கிழக்குக் கோடியில் நின்ற மோரிட்ஸின் குரல் என் கூண்டு வயர்லெஸ்ஸில் வெடித்தது.

“கெர்லிண்டே, அது சக்கரம்! சக்கரத்த இழுக்கற! நீலத்த இழு!”

அவன் தலைக்கு மேல் போகும்போது அவன் பார்த்திருக்கிறான். கிளைடரின் வயிற்றிலிருந்து சக்கரம் உள்ளே போகிறது, வெளியே வருகிறது, மறுபடி உள்ளே போகிறது. மேலே அவள் தகடுகளை இழுப்பதாக நினைத்துக்கொண்டு கறுப்பு லிவரை இழுத்துத் தள்ளி இழுத்துக்கொண்டிருந்தாள்.

“நீலம், கெர்லிண்டே! நீலம்! நீலம்!”

இறங்கவில்லையே என்று அவள் மூக்கைக் கீழே அழுத்தினாள். அழுத்தினால் வேகம் கூடும். கூடிய வேகத்தில் கிளைடர் இன்னும் தூரம் போகும். பாதித் திடல் போய்விட்டது. புல்லுக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில், சத்தமே இல்லாமல், அந்த வெள்ளை மூக்கு நேராக என் கூண்டுக்கு வந்தது.

நான் எஞ்சினை அணைத்தேன். ஏன் அணைத்தேன் என்று தெரியாது. வெளியே குதித்து ஓடுவதா, உள்ளேயே குனிவதா? இடப்பக்கம் ஓடினால் இடது இறக்கை, வலப்பக்கம் ஓடினால் வலது இறக்கை. இப்போது எனக்கும் அந்தச் சக்கரம் தெரிந்தது. வெளியே வந்தது. உள்ளே போனது. என் வாயும் நீலம் நீலம் என்று கத்திக்கொண்டிருந்தது. கையில் மைக் இல்லை, அவளுக்குக் கேட்கவும் வழியில்லை. கடைசி நொடியில் அவள் வலக்கையிலிருந்த ஓட்டும் தடியைப் பின்னால் இழுத்திருக்க வேண்டும். கிளைடர் ஒரு துள்ளுத் துள்ளிக் கூண்டின் கூரைக்கு மேலே ஏறியது. நிழல் என் மேல் விழுந்து கடந்தது. கூரைக் கம்பிவலையில் ஏதோ உரசியது.

எனக்குப் பின்னால் ஒரு வேலி, அந்தச் சாலை, அப்புறம் கடுகு வயல். துள்ளியதில் வேகம் செத்துப்போயிருந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது அது வயலுக்கு மேல் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு இடது இறக்கையின் நுனி மஞ்சள் பூவில் மாட்டியது. மொத்தமும் சுழன்று, வயிற்றால் தரையில் அறைந்தது. காய்ந்த கிளை முறிவது போல ஒரு சத்தம். பூத்தூள் புகையாக எழுந்தது.

ஓடினேன். இடுப்பளவு செடி காலைப் பின்னிப் பிடித்தது. வால் ஒடிந்து தனியாகக் கிடந்தது. கண்ணாடி மூடி விரிசல் விட்டிருந்தது. அதை நெம்பித் திறந்தேன். கெர்லிண்டே கண் திறந்துதான் இருந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“எக்கார்ட், தகடு வேலை செய்யல,” என்றாள். “எவ்வளவோ இழுத்துப் பாத்தேன். வேலை செய்யல.”

நான் உள்ளே பார்த்தேன். அவள் இடது கை கறுப்பு லிவரை இன்னும் இறுகப் பிடித்திருந்தது. அதற்கு மேலே, ஒரு சாண் தூரத்தில், நீல லிவர் கொக்கியில் பூட்டியபடி, யாரும் தொடாமல் இருந்தது.

என் கண் போன இடத்துக்கு அவள் கண்ணும் போனது. தன் கையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

“அடப் பாவி,” என்றாள், அந்தக் கையைப் பார்த்து.

எழ முயன்றாள். தோளைப் பிடித்து அழுத்தினேன். “அசையாத. சக்கரம் உள்ள இருந்துச்சு. அடி முழுக்க உன் முதுகுல வாங்கியிருக்க.”

மோரிட்ஸ் திடலின் முழு நீளத்தையும் ஓடி வந்தான். பேச மூச்சில்லை. மண்டியிட்டு அவள் பூட்ஸைக் கழற்றினான். “கால் விரல ஆட்டு.”

இடது கால் விரல்கள் ஆடின.

“வலது.”

பார்த்துக்கொண்டே இருந்தோம்.

“ஆட்டறேன்,” என்றாள் அவள்.

விரல்கள் அப்படியே இருந்தன. மோரிட்ஸ் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

“ஆடுதுல்ல?” என்று கேட்டாள். “டேய், சொல்லுங்கடா. ஆடுதா இல்லையா?”

“ஹெலிகாப்டர் வருது,” என்றான் மோரிட்ஸ். “பேசாம இரு. இதோ வருது.” அவள் காலைத் தன் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, அது வந்து இறங்கும்வரை விடவில்லை.

முதுகெலும்பில் ஒரு கணு நொறுங்கியிருந்தது. இரும்புத் திருகுகள் வைத்துக் கட்டினார்கள். வலது கால் உயிர் பெறுமா என்று டாக்டர்களே சொல்லவில்லை. வில்லி தினமும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிளைத் தோல் சீவித் துண்டு போட்டான். அவள் தின்னாவிட்டால் தானே தின்றான். திட்டவும் இல்லை, ஆறுதலும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் அவன் துண்டு போட்டுக்கொண்டிருக்கும்போது போர்வைக்கு அடியில் வலது பாதம் அசைந்தது. வில்லி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “இன்னொரு தடவை செய்,” என்றான். அவள் செய்தாள். அவன் எழுந்து வராந்தாவுக்குப் போனான். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, மிச்ச ஆப்பிளை வெட்டினான். இதை அவளே என்னிடம் சொன்னாள்.

விபத்தை விசாரிக்க அரசாங்கத்திலிருந்து அதிகாரி ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நான் அங்கே இருந்தேன். அமைதியான மனிதர். முந்தின நாள் அவர் திடலுக்கு வந்து மோரிட்ஸைக் கேட்டிருந்தார். புதன்கிழமை நடந்த கண்கட்டுச் சோதனை, சனிக்கிழமை சொன்ன எச்சரிக்கை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார். அவளிடமும் அவள் தரப்பைக் கேட்டார்.

“மோரிட்ஸ் ‘நீலம்’னு கத்தினது காதுல விழுந்துதா?”

“விழுந்துது. நல்லாவே விழுந்துது. நான் நீலத்தத்தான் பிடிச்சிருக்கேன்னு நினைச்சேன். போதாது போலன்னு இன்னும் பலமா இழுத்தேன்.”

அவர் தலையாட்டினார்.

“அப்ப தப்பு எங்க?” என்று கேட்டாள். “மோரிட்ஸ் பேரு அதுல வரக்கூடாது. அவன் சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னான். என் தப்புன்னே எழுதுங்க. ஆனா என்ன தப்புன்னு சொல்லுங்க. தெரிஞ்சா திருத்திக்கலாம்.”

“நீங்க ரெண்டு பேருமே செய்ய வேண்டியதச் செஞ்சிருக்கீங்க, அம்மா. சில நேரம் கை அப்படிப் போயிடும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். உங்களுக்கு முன்னாடியும் இப்படி நடந்திருக்கு. பல வருஷம் பறந்தவங்களுக்குக்கூட.”

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அவர் போன பிறகு அவள் தன் இடது கையைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

மோரிட்ஸ் பயிற்சியாளர் வேலையை விட்டான். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை; சங்கத் தலைவர் வீட்டுக்கே போய்க் கெஞ்சிப் பார்த்தார். “இன்னொரு சுற்று கண்ணக் கட்டியிருக்கணும். அவ போதும்னு சொன்னா, நான் விட்டுட்டேன்,” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அந்தக் குளிர்காலம் முழுக்க ஒடிந்த கிளைடரின் வாலைப் பசையும் கண்ணாடி நாருமாக ஒட்டித் தேய்த்துக்கொண்டிருந்தான். பல் கட்டுகிற கை. ஒட்டுப்போட்ட இடத்தை விரலால் தடவினாலும் கண்டுபிடிக்க முடியாது. பறக்க மட்டும் வரவில்லை.

கெர்லிண்டே நவம்பர் கடைசியில் வேலைக்குத் திரும்பினாள். கொஞ்ச நாள் ஊவே ஓட்டினான், அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு டாக்டரின் அனுமதியோடு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். அவள் மாறிப்போயிருந்ததை முதலில் கண்டவன் ஊவேதான். நேர்ச்சாலையில் நன்றாக ஓட்டினாள். லிவருக்குப் போகும்போது மட்டும் வலது கை பாதி வழியில் நின்றது. யோசித்தது. சரியான லிவரிடம் போயும், தொடாமல் நின்றது.

“என்ன ஆச்சு?” என்று கேட்டிருக்கிறான்.

“ஒண்ணுமில்ல. முதுகு.”

முதுகு இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

ஜனவரியில் ஒரு காலை. இரவு முழுக்கப் பெய்து ஓய்ந்திருந்தது. கொண்டை ஊசிச் சாலையில் அவர்கள் மேலேயிருந்து இறங்கினார்கள். எங்கள் ஊரில் வண்டிகள் வலப்பக்கமாகப் போகும். பனித்தகடு இடப்பக்கம் சாய்ந்து, எதிர்ப்பாதைக்குள் பாதி நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் எதிரே ஒன்றும் வராது என்பதால் அப்படித்தான் தள்ளுவார்கள். மூன்றாவது வளைவைத் திரும்பியதும் பள்ளிக்கூட பஸ் எதிரே ஏறி வந்தது. வழக்கத்தைவிட முன்னதாக. விளக்கு நேராகக் கண்ணில் அடித்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அவள் தகட்டை வலப்பக்கம் திருப்பினால் இரண்டு வண்டியும் உரசாமல் போகலாம். திருப்பாவிட்டால் அந்த இரும்பு விளிம்பு பஸ்ஸின் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு போகும்.

பிரேக்கை மிதித்தாள். லாரி நிற்கவில்லை, உப்பு விழாத பனியில் வழுக்கியது.

“திருப்பு!” என்று ஊவே கத்தினான். “தகட்டத் திருப்பு!”

அவள் கை அந்தரத்தில் நின்றது. பஸ்ஸின் முன்கண்ணாடிக்குப் பின்னால் டிரைவரின் வாய் திறந்திருந்தது. அதற்கும் பின்னால் கம்பளித் தொப்பிகள் தெரிந்தன.

“கெர்லிண்டே!”

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுத்தாள். இருபது வருஷத்தில் முதன்முறையாகக் குனிந்து லிவர்களைப் பார்த்தாள். “மஞ்சள் குமிழ்,” என்று உரக்கச் சொன்னாள். “திருப்பறது.” பிடித்து இழுத்தாள். ஹைட்ராலிக் முனகியது. தகடு மெல்ல, மிக மெல்ல, வலப்பக்கம் திரும்பியது. பஸ் ஊர்ந்து பாறையை ஒட்டிக்கொண்டது. இரண்டு வண்டிகளின் பக்கக் கண்ணாடிகளும் மோதி மடங்கின. வேறொன்றும் தொடவில்லை. லாரி இன்னும் கொஞ்சம் வழுக்கிப் போய் நின்றது.

பஸ் டிரைவர் ஜன்னலைத் திறந்து வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனார். அவள் ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஊவே அவளுக்குக் காபி ஊற்றினான். பாதி அவன் முழங்காலில் கொட்டியது.

“நீ கீழ பாத்து நான் பாத்ததே இல்ல,” என்றான்.

“நானும்தான்.”

“ரொம்ப நேரம் ஆனமாதிரி இருந்துச்சு.”

“ஆமா. ஆனா சரியானதப் பிடிச்சேன்.”

பிறகு அவள் ஒவ்வொரு லிவராகப் பார்த்து, தொட்டு, பெயரைச் சொன்னாள். தூக்கறது. திருப்பறது. உப்பு. முடிந்ததும் கியரைப் போட்டுக் கிளம்பினாள். அன்றிலிருந்து அப்படித்தான். எதைத் தொடுவதானாலும் ஒரு நொடி பார்வை, வாயால் பெயர், அப்புறம்தான் கை. டிப்போவில் சிரித்தார்கள். வண்டிக்குப் பாடம் நடத்துகிறாள் என்றார்கள். “நடத்தறேன். உனக்கும் வேணும்னா நடத்தறேன், வா,” என்றாள். அந்த நிற்கிற கை பிறகு நிற்கவில்லை என்று ஊவே சொன்னான்.

ஏப்ரலில் ஹாங்கரைத் திறந்து கிளைடர்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தோம். அவள் வந்து, துடைத்துக்கொண்டிருந்த மோரிட்ஸின் முன்னால் நின்றாள்.

“ரெட்டை இருக்கையில நீ பின்னாடி உக்காரு. நான் ஓட்டறேன்.”

“நான் இப்ப சொல்லித் தர்றதில்ல. வேற யாராவது வருவாங்க.”

“வேற யாரும் வேண்டாம்.”

“முடியாது, கெர்லிண்டே. உன் கால் அன்னைக்கு அசையல. நான் பிடிச்சுட்டிருந்தேன். அது அசையல.”

“அது என் காலு. எனக்கே ஞாபகம் வர்றதில்ல, நீ எதுக்கு அதத் தூக்கிட்டுத் திரியற?” அவள் குரல் உயர்ந்தது, நாங்கள் எல்லாரும் நின்றுவிட்டோம். “பாரு, நிக்குது. வேணும்னா உன்னை ஒரு உதை விட்டுக் காட்டறேன். காட்டட்டுமா?”

மோரிட்ஸ் துணியை முறுக்கிக்கொண்டே நின்றான். “எனக்குப் பயமா இருக்கு,” என்றான்.

“எனக்கும்தான்டா. ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே போவோம். தனித்தனியா உக்காந்து பயப்படறதவிட அது மேல்.”

அவன் உடனே சம்மதிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பாராசூட்டை மாட்டிக்கொண்டு, எங்களில் யாரையும் பார்க்காமல், பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான்.

மே கடைசியில், ஒட்டுப்போட்ட ஒற்றை இருக்கையை வெளியே கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை அவளாகவே கண்ணைக் கட்டச் சொன்னாளாம். பத்துச் சுற்று முடிந்தும் கட்டை அவிழ்க்கவில்லை, மோரிட்ஸ்தான் போதும் என்றானாம். எனக்கு வயர்லெஸ்ஸில், “எக்கார்ட், தயார்,” என்றான். இழுத்தேன். ஏறினாள், கழற்றிக்கொண்டாள். மேலே சுற்றவே இல்லை. நேராக இறங்க வந்தாள்.

கிழக்கே திரும்பி என் பக்கம் முகம் வைத்தாள். அதே உயரம். அதே வெள்ளை மூக்கு. இந்தத் தடவை நான் கூண்டுக்கு வெளியே வந்து நின்றுகொண்டேன். தகடுகள் எழவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. மோரிட்ஸும் ஒன்றும் பேசவில்லை. பேசக்கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள்.

திடீரென்று வயர்லெஸ்ஸில் அவள் குரல். பேசும் பொத்தானைத் தெரியாமல் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாள். திடல் முழுக்கக் கேட்டது.

“இரு. அவசரப்படாத. பாரு. எது? மேல இருக்கறது. நிறம் என்ன? நீலம். சரி, பிடி. பிடிச்சாச்சு. இறக்கையப் பாரு... வருதா?”

இரண்டு இறக்கைகளின் மேலும் தகடுகள் எழுந்தன.

“வருது! அப்பாடா, வருது!”

கிளைடர் படிப்படியாக இறங்கியது. தகட்டை அதிகமாகவே இழுத்துவிட்டாள். வழக்கமான இடத்துக்கு நெடுந்தூரம் முன்னதாகவே சக்கரம் தரையைத் தொட்டது. ஒரு துள்ளு, இன்னொரு சின்னத் துள்ளு, அப்புறம் உருண்டு நின்றது. ஓர் இறக்கை மெல்லச் சாய்ந்து புல்லில் படுத்தது.

மோரிட்ஸ் ஓடவில்லை. நடந்துதான் போனான். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் கிளைடரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். அவள் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு, திருகு வைத்த முதுகோடு எழ முடியாமல், அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“உக்காந்தா எப்படி? கை குடுத்துத் தூக்குடா.”

இப்போது அவளுக்கு லைசென்ஸ் இருக்கிறது. எங்கள் மேட்டை விட்டு ரொம்பத் தூரம் போவதில்லை. பெரிய பைலட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவளும் சொல்லிக்கொள்வதில்லை. மோரிட்ஸிடம் இந்த வருஷம் நாலு பேர் கற்றுக்கொள்கிறார்கள். அவள் நல்லபடியாக இறங்கிய அன்றைக்குக் கிளைடரைப் புறப்படும் வரிசைக்குத் தள்ளிக்கொண்டு வரும்போது, கம்பியின் நுனியை வின்ச்சிலிருந்து திரும்ப இழுத்து வரும் டிராக்டர் எனக்காகக் காத்திருந்தது. அடுத்த ஆள் ஏற்கெனவே இருக்கையில் ஏறி வாரைக் கட்டிக்கொண்டிருந்தான். நான் வின்ச்சுக்கு ஓட வேண்டியிருந்தது.